வாசலில் நிற்கும் குழந்தை

கொல்கத்தா நகரின் தென்பகுதியில், காளிகாட் கோயிலுக்கு அண்மையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்கிறது ராஷ் பிகாரி சாலை. அச்சாலையை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வாழையிலையும் காப்பிப்பொடியும் அங்குள்ள கடைகளில் கிடைக்கும். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இல்லங்கள் பெருகிவிட்ட இந்நாளில், பகற்பொழுதில் குழந்தைகளைத் தம் வீட்டிலேயே வைத்துக் காக்கும் பெண்மணிகள் இத்தகைய பகுதிகளில் எல்லாம் இருக்கிறார்கள்.

அத்தகைய வீடு ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டு அம்மையார் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை ஏழு குழந்தைகளைத் தம் முன்னறையில் காத்து வருகிறார். துணைக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஒரு நாள் காலையில் புதிய தாய் ஒருத்தி வாசலில் வந்து நிற்கிறாள். இடுப்பில் மூன்று வயது மகன். அவன் இன்னும் நடக்கவில்லை, பேச்சும் தெளியவில்லை. எப்போதேனும் வலிப்பு வருவதுண்டு. வேளை தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும். "அம்மா, இவனை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று அவள் கேட்கிறாள்.

அம்மையார் கல்நெஞ்சர் அல்லர். ஆயினும் அவர் உள்ளத்தில் அச்சங்கள் எழுகின்றன. இவனைத் தூக்கி உட்காரவைத்து ஊட்டும் வேளையில் மற்ற எழுவரை யார் பார்ப்பது? வலிப்பு வந்தால் என்ன செய்வது? மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்கள்? ஏதேனும் நேர்ந்துவிட்டால் அந்தப் பழியை எப்படிச் சுமப்பது? இவை யாவும் மெய்யான அச்சங்களே. ஆகவே அவர் கனிவாகவே பதில் சொல்கிறார்: "எனக்கு இதில் பயிற்சி இல்லையே, அம்மா. இவனுக்கென்றே உள்ள இடத்தில் சேர்ப்பதுதான் இவனுக்கு நல்லது."

இந்த விடையின் வரலாற்றைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம். "இவனுக்கென்றே உள்ள இடம்" என்ற எண்ணம் இந்த நகரத்தில் நூற்று முப்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்த ஒன்று. அது நன்மையும் செய்தது. நாம் எதிர்பாராத ஒரு தீமையையும் செய்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குவோம். காது கேளாத குழந்தைக்குக் கல்வி என்பதே அக்காலத்தில் நம் நாட்டில் பெரும்பாலோர் கேள்விப்படாத செய்தி. கேட்காத பிள்ளை பேசாது. பேசாத பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்பதே பொதுவான எண்ணம். இந்நிலையில் 1893-ஆம் ஆண்டு கல்கத்தாவில் காது கேளாதோர்க்கான பள்ளி ஒன்று தோன்றியது. ஸ்ரீநாத் சின்ஹா, ஜாமினிநாத் பானர்ஜி முதலியோர் அதற்கு முன்னின்று உழைத்தனர். சிட்டி கல்லூரியின் முதல்வரான உமேஷ் சந்திர தத்தர் அவர்களுக்குப் பெருந்துணையாக இருந்தார். அப்பள்ளிக்கு அன்று சூட்டிய ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் 'செவிட்டு ஊமைப் பள்ளி' என்றாகும். இன்று அப்பெயர் நம் செவிக்கு இனியதாக இல்லை; அன்றோ அப்பெயருடன் ஒரு பள்ளி நின்றதே வியப்பு.

இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பள்ளியைத் தொடங்கியவர்கள் முதலிலேயே நிபுணர்களாக இருந்து, பின்னர்க் குழந்தைகளை வரவேற்றவர்கள் அல்லர். பள்ளியின் வாயில் திறந்தது. பின்னரே ஜாமினிநாத் பானர்ஜி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, காது கேளாதோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பயின்று திரும்பினார். முதலில் ஏற்பு, அதன் பிறகு பயிற்சி. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இதை மீண்டும் சந்திப்போம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1897-இல், லால் பிகாரி ஷா என்பவர் பார்வையற்றோர்க்கான பள்ளியை நிறுவினார். பிரான்சு நாட்டில் லூயி பிரெயில் வகுத்த புள்ளியெழுத்தை வங்க மொழிக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டு அவர் கற்பித்தார். அப்பள்ளி இன்று காளிகாட்டுக்குத் தென்மேற்கே பெஹாலாவில் இருக்கிறது. நாட்டின் வேறு பகுதிகளிலும் அக்காலத்தில் இத்தகைய முயற்சிகள் நடந்தன. 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியிருந்தார். நம் பாளையங்கோட்டையில் கிறித்தவ ஊழியர்கள் பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் தனித்தனியே பள்ளிகள் கண்டனர்.

அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கு இந்த நற்பேறு எளிதில் வாய்க்கவில்லை. வங்காளத்தில் அவர்களுக்காக எழுந்த முன்னோடி நிறுவனம் கிரிஜா பூஷண் முகர்ஜி 1933-இல் கண்ட 'போதனா நிகேதன்'. அது கல்கத்தாவில் அமையவில்லை. மேற்கே வெகு தொலைவில், சால மரக்காடுகள் சூழ்ந்த ஜார்கிராமில் அமைந்தது. தூய காற்றும் திறந்த வெளியும் குழந்தைகளுக்கு நலம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டையும் தெருவையும் உடன்பிறந்தாரையும் விட்டு ஒரு குழந்தை தொலைவில் வளர வேண்டியதாயிற்று.

இதை அக்காலத்தவரின் குற்றமாகக் கூறுவது முறையன்று. உலகெங்கும் அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழும் கடுமையான அறிவுக் குறைபாடுள்ள குழந்தைகள் 'கல்வி பெறத் தகுதியற்றவர்' எனப் பிரிக்கப்பட்டுப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1970-இல் நிறைவேறிய சட்டமே அந்தப் பிரிவினையை நீக்கியது. நம் கல்கத்தாப் பெரியோர் அதற்கு நெடுங்காலம் முன்னரே அத்தகைய குழந்தைக்குக் கற்பிக்க முயன்றது போற்றத்தக்கது.

ஆயினும் தனிப் பள்ளிகள் தோன்றத் தோன்ற, மற்ற வாசல்களில் நின்றவர்களுக்கு ஒரு விடை எளிதாகக் கைவந்தது. "உங்கள் பிள்ளைக்கென்றே ஓர் இடம் இருக்கிறதே!" என்பதே அந்த விடை. அந்த இடம் எத்தனை பேருக்குப் போதும், எவ்வளவு தொலைவில் இருக்கிறது, மூன்று வயதுக் குழந்தையை அங்கே சேர்ப்பார்களா என்ற வினாக்களை எவரும் எழுப்பவில்லை. தனியிடத்தில் சிலர் ஏற்கப்பட்டதே பொதுவிடத்தில் பலர் மறுக்கப்படக் காரணமாயிற்று. நான் முன்னே குறிப்பிட்ட, எதிர்பாராத தீமை இதுவே.

இனி நாம் காளிகாட்டுக்கே வருவோம்.

ஆதி கங்கைக் கரையில், 1809-இல் கட்டிமுடிக்கப்பட்ட இன்றைய காளி கோயிலை ஒட்டி, யாத்திரிகர் தங்குவதற்கான மண்டபம் ஒன்று இருந்தது. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கல்கத்தா மாநகராட்சியின் இசைவுடன், அன்னை தெரசா அங்கே 'நிர்மல் ஹிருதய்' என்ற இல்லத்தைத் திறந்தார். தெருவோரத்தில் மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்தோரை எடுத்துவந்து கிடத்துவதற்கான இடம் அது. தொடக்கத்தில் அவ்வட்டாரத்தில் எதிர்ப்பும் எழுந்தது. நாளடைவில் எதிர்ப்பு அடங்கிற்று, இல்லம் நிலைத்தது.

அந்த இல்லம் குழந்தைகளுக்காக எழுந்ததன்று. எனினும் நம் பொருளுக்கு அது நெருங்கியது. ஏனெனில் அதன் வாசலில், "இவருக்கு என்ன நோய்? பிழைப்பாரா? செலவை யார் ஏற்பது?" என்ற கேள்விகளுக்கு முன்னரே "உள்ளே கொண்டுவாருங்கள்" என்ற விடை கிடைத்தது. 1955-இல் அதே அன்னையார் லோயர் சர்க்குலர் சாலையில் 'சிசு பவன்' என்ற குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோதும் இதே வழக்கம் தொடர்ந்தது. கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தை, எடை குறைந்த குழந்தை, உறுப்புக் குறையோடு பிறந்த குழந்தை எல்லாம் அங்கு இடம்பெற்றன. குறையற்ற குழந்தைக்கு ஒரு வாசல், குறையுள்ள குழந்தைக்கு வேறு வாசல் என்ற ஏற்பாடு அங்கு இல்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது புகழ்மாலையாகிவிடும். வரலாறு நமக்கு மற்றொரு பாடத்தையும் இதே காளிகாட்டில் வைத்திருக்கிறது. 1994-இல் லண்டனில் வெளியாகும் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் நிர்மல் ஹிருதய் இல்லத்தைக் கண்டு, தம் எண்ணங்களை அவ்விதழில் எழுதினார். யாரையும் தள்ளாத வாயில், புண்களைத் தூய்மையாகப் பேணும் முறை, அன்பான பணிவிடை ஆகியவற்றை அவர் மறுக்கவில்லை. ஆனால், நோயை முறையாகக் கண்டறியும் ஏற்பாடு அங்கு இல்லை. வலியைத் தணிக்கும் வலிமையான மருந்துகள் இல்லை என்று அவர் குறை கூறினார். குணமாகக்கூடிய நோயாளியையும் சாகும் நிலையில் உள்ளவரையும் பிரித்தறியாமல் ஒரே கட்டிலில் கிடத்துவது அன்பாகுமா என்பதே அக்கட்டுரையால் எழுந்த கேள்வி.

அதைப் பற்றி அன்று பெரும் விவாதம் எழுந்தது. இரு தரப்பிலும் கடுஞ்சொற்கள் வந்தன. நமக்கு வேண்டுவது அதில் உள்ள உண்மை மட்டுமே. கதவைத் திறப்பது ஒரு கடமை. திறந்த பின் தக்கவாறு பேணுவது மற்றொரு கடமை. முதற் கடமையை நிறைவேற்றியவர் இரண்டாவதிலிருந்து விடுபட்டவர் ஆகார். அதுபோலவே, இரண்டாவது கடமை கடினமானது என்பதைக் காட்டி முதற் கடமையைத் தட்டிக் கழிப்பதும் முறையாகாது.

இந்த இரு கடமைகளையும் ஒருங்கே சுமந்தவர்கள் யார் என்று தேடினால், நாம் காண்பவர் தாய்மார்களையும் அவர்களுடன் நின்ற ஆசிரியைகளையுமே. 1972-இல் மிது ஆலூர் என்ற அம்மையார் பம்பாயில் மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கான சங்கத்தைத் தோற்றுவித்தார். அவருடைய மகளே அந்நிலையுடன் பிறந்தவர். மூன்றே குழந்தைகளுடன் தொடங்கிய பள்ளி அது. இரண்டு ஆண்டுகளில், 1974-இல், கல்கத்தாவில் சுதா கவுல் அம்மையாரின் முயற்சியால் கிழக்கிந்தியப் பகுதிக்கான சங்கம் எழுந்தது. இந்திய மூளை முடக்குவாத நிறுவனம் என்ற பெயரில் அது இன்று தாராதலாவில் செயல்படுகிறது. 1985-இல் சென்னையில் பூனம் நடராஜன் அம்மையார் தொடங்கிய நிறுவனம் இன்று 'வித்யா சாகர்' என வழங்குகிறது.

மூளை முடக்குவாதம் என்பது என்ன என்று சிலர் ஐயுறலாம். வளரும் மூளையில், பிறப்புக்கு முன்னோ பின்னோ, ஏற்படும் சேதத்தினால் தசைகளை அடக்கியாளும் ஆற்றல் குன்றுவதே அது. அது தொற்றுநோய் அன்று. அந்தச் சேதம் நாளுக்கு நாள் பெருகுவதும் இல்லை. பேச இயலாத குழந்தைக்கு அறிவு இல்லை என்று கொள்வதும் தவறு. கல்கத்தா நிறுவனத்தார் இந்தப் பிழையைக் களைவதில் பெரும்பங்கு கொண்டனர். படங்கள் ஒட்டிய பலகையை முன்வைத்தால், வாய் பேசாத குழந்தை விரலாலோ கண்ணாலோ சுட்டித் தனக்கு வேண்டியதைச் சொல்லும். தண்ணீர், பசி, வலி, அம்மா, விளையாட்டு என்று ஐந்து படங்கள் இருந்தால்கூட உரையாடல் தொடங்கிவிடும். ஓர் அட்டையும் சில படங்களும் இருந்தால் எந்த வீட்டு முன்னறையிலும் இதைச் செய்யலாம்.

தனியார் முயற்சிகள் இவ்வாறு நடக்க, அரசாங்கத்தின் சட்டங்கள் என்ன செய்தன?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான காப்பறை இருக்க வேண்டும் என்று விதித்தது. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறை வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றும் கூறிற்று. 1976-இல் அந்த ஐம்பது என்ற எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017-இல் மகப்பேற்று நலச் சட்டத்தில் வந்த திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிலையங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. இவை யாவும் நல்ல விதிகளே. ஆனால் பணியாளரின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசிய அந்த விதிகள், காப்பறைக்கு வரும் குழந்தைகளுள் நடக்க இயலாததும் கேட்க இயலாததும் இருக்கலாம் என்பதைக் கருதவில்லை.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அங்கன்வாடி என்ற சொல் நாடெங்கும் பரவியது அதனால்தான். ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் என்பதே அதன் நோக்கம். எனினும் 'எல்லா' என்ற அச்சொல்லுக்குள் குறைபாடுள்ள குழந்தைகள் நடைமுறையில் அடங்கவில்லை என்பதை மிது ஆலூர் அம்மையார் தம் ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டினார். அவர்களைக் கண்ணுக்குத் தெரியாத குழந்தைகள் என்று அவர் குறித்தார். எந்த அங்கன்வாடிப் பணியாளரும் கொடியவர் அல்லர். அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே அவர்கள் அழைக்கவில்லை. அழைக்காததால் குழந்தைகள் வரவில்லை. வராததால், அப்படிப்பட்ட குழந்தைகளே இவ்வூரில் இல்லை என்று எண்ணிக்கொண்டனர். பிற்காலத்தில் அவரும் அவர் குழுவினரும் மும்பையின் தாராவிப் பகுதியில், எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக இருக்கும் அங்கன்வாடிகளை நடத்திக் காட்டினர்.

1995-இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தன. முன்னது ஏழு வகைக் குறைபாடுகளையும் பின்னது இருபத்தொரு வகைகளையும் ஏற்றன. வேறுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று பிந்தைய சட்டம், அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு விதிக்கிறது. ஆனால் இலவசக் கல்வி உரிமையை அது ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையில்தான் வகுக்கிறது. நம் வாசலில் நிற்கும் குழந்தைக்கோ வயது மூன்று. மூளை மிக விரைவாக வளரும் பருவம் அந்தப் பருவமே. நாடெங்கும் அங்கன்வாடிகளில் இத்தகைய குழந்தைகளைக் கண்டறிந்து சேர்ப்பதற்கான நெறிமுறை ஒன்றை ஒன்றிய அரசு 2023-ஆம் ஆண்டு நவம்பரில்தான் வெளியிட்டது. 1975-க்கும் 2023-க்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள். அதற்குள் ஒரு குழந்தை வளர்ந்து முதுமையின் வாயிலுக்கே வந்துவிடும்.

காளிகாட்டிலேயே நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இங்கே கூற வேண்டும். கோயிலுக்கு அருகே, ஆதி கங்கைக் கரையோரச் சந்துகளில், உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த பெண்கள் வாழ்கின்றனர். மற்றத் தாய்மாருக்குப் பகலில் காப்பகம் வேண்டும். இவர்களுக்கு வேண்டியதோ மாலையிலும் இரவிலும். 2000-ஆம் ஆண்டில் ஊர்மி பாசு என்ற அம்மையார் அக்குழந்தைகளுக்காக 'நியூ லைட்' என்ற காப்பகத்தை அங்குத் தொடங்கினார். குழந்தைகள் உண்டு, படித்து, இரவில் அச்சமின்றித் துயில ஓர் இடம் கிடைத்தது. இங்கே குழந்தையின் உடலில் குறை ஏதும் இல்லை. கடிகாரம்தான் மாற வேண்டியிருந்தது. சிறப்புத் தேவை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. குழந்தைக்கும் இடத்துக்கும் இடையே உள்ள பொருத்தமின்மைக்கே அப்பெயர். அதைக் குழந்தையின் பக்கத்தில் மட்டும் திருத்த முயல்வானேன்? இடத்தின் பக்கத்திலும் திருத்தலாம்.

வெளிநாட்டுச் சட்டம் ஒன்று இதையே விதியாக்கியிருக்கிறது. அமெரிக்காவில் 1990-இல் நிறைவேறிய சட்டம் தனியார் குழந்தைகள் காப்பகங்களைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் நடத்தும் சிறு காப்பகங்களும் அதற்கு உட்பட்டவையே. வலிப்பு என்றோ நீரிழிவு என்றோ பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மறுக்கக் கூடாது. அந்தத் தனிக் குழந்தைக்கு என்ன தேவை என்பதைப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். பிறருக்கு நேரடியான ஆபத்து உண்டெனில், அல்லது காப்பகத்தின் இயல்பையே மாற்றவோ தாங்கொணாத செலவைச் செய்யவோ வேண்டுமெனில், மறுக்கலாம். மற்றக் குழந்தைகளின் பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்பது அங்கே ஏற்கத்தக்க காரணம் அன்று.

நேயர்களே, இப்போது ராஷ் பிகாரி சாலை வீட்டின் வாசலுக்குத் திரும்புவோம். இந்த நெடிய வரலாறு அந்த அம்மையாருக்கு என்ன சொல்கிறது?

முதலாவதாக, கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்கிறது. "இவன் எப்படிப்பட்ட குழந்தை?" என்று கேட்டால் விடை அச்சமாகத்தான் வரும். "இவனுக்கு ஒரு நாளில் என்னென்ன வேண்டும்?" என்று கேட்டால் விடை ஒரு பட்டியலாக வரும். பட்டியலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு மருந்து, எந்த அளவு, யார் எழுதிக் கொடுத்தது? எப்படி உட்காரவைத்து ஊட்ட வேண்டும்? முதுகுக்கு அணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னோக்கிச் சாயாமல், சிறு சிறு கவளமாக ஊட்ட வேண்டும் என்பதைத் தாயே ஒரு வேளை உணவு ஊட்டிக் காட்டினால் கற்றுக்கொள்ளலாம். வலிப்பு வந்தால் குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்ற வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவியைக் கொடுத்து அழுத்துவது பயனற்றது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவற்றை மருத்துவரின் எழுத்தில் பெற்றுச் சுவரில் ஒட்டிவைத்தால், முதல் அச்சத்தின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக, பயிற்சி இல்லை என்பது முடிந்த முடிபன்று என்று சொல்கிறது. 1893-இல் பள்ளி கண்டவர்கள் பயிற்சி பெறும் வரையில் கதவை மூடிவைத்திருக்கவில்லை. ஆனால் பயிற்சியைத் தேடிக் கடல் கடக்கவும் அவர்கள் தயங்கவில்லை. இன்று கடல் கடக்க வேண்டியதில்லை. நகரப் பேருந்தில் செல்லும் தொலைவில் கற்பிப்போர் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, தன் எல்லையை அறியச் சொல்கிறது. காளிகாட் இல்லத்தைப் பற்றி எழுந்த கேள்வி நமக்கு எச்சரிக்கை. மூக்குக் குழாய் வழியே உணவு பெறும் குழந்தைக்கும், இடைவிடாது ஒருவர் அருகிலிருந்தே தீர வேண்டிய குழந்தைக்கும், துணைக்கு ஒரே பெண் உள்ள வீடு போதாமல் இருக்கலாம். அங்கே "ஆம்" என்று சொல்வது பெருந்தன்மை போலத் தோன்றும். துன்பம் குழந்தைக்கு வந்து சேரும். ஏழு குழந்தைகளை ஆறாகக் குறைத்துக்கொண்டால் ஏற்க முடியுமா, முதல் இரண்டு வாரம் அரை நாள் மட்டும் வைத்துப் பார்க்கலாமா, தாய் சில நாள் உடனிருப்பாளா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் இயலாது எனில், இயலாது என்று சொல்வதில் இழுக்கில்லை. ஆனால் அந்த மறுப்போடு ஒரு முகவரியும் சேர்ந்து போக வேண்டும். எங்கே செல்லலாம், யாரைக் கேட்கலாம் என்று விசாரித்துச் சொல்லாத மறுப்பு, கதவை அடைப்பதன்றி வேறில்லை.

ஏனெனில் அந்த வாசலில் மறுக்கப்படுபவன் குழந்தை மட்டும் அல்லன். அவனை ஏற்பார் இல்லையெனில் தாய் வேலையை விடுவாள். இரண்டு சம்பளத்தில் நடந்த குடும்பம் ஒன்றில் நடக்கும். மருந்துச் செலவோ குறையாது. மறுக்கப்பட்ட தாய்மாருள் சிலர் கல்வியும் செல்வாக்கும் உடையவர்கள். அவர்கள் தாமே நிறுவனங்களை எழுப்பினர். அவர்களுடைய பெயர்களை நாம் வரலாற்றில் படிக்கிறோம். நிறுவனம் எழுப்ப வசதியற்ற தாய்மார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினர். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

மற்ற ஏழு குழந்தைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பேசாத நண்பன் படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்பதை மூன்று வயதில் கண்ட குழந்தை, முப்பது வயதில் அதைக் கண்டு விலகி நடக்காது. தனித்தனிப் பள்ளிகளால் இந்தப் பாடத்தைக் கற்பிக்க இயலவில்லை. ஒரு சிறிய வீட்டின் முன்னறையால் அது இயலும்.

அம்மையார் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். பையனும் தாயின் இடுப்பில் இருந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "ஆம்" என்றோ "இல்லை" என்றோ அவர் இப்போதே சொல்ல வேண்டியதில்லை. "உள்ளே வந்து உட்காருங்கள், அம்மா. இவனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று சொன்னால் போதும். நல்ல முடிவுகள் அங்கிருந்தே தொடங்கும்.